மெர்போக் மேட்டில் நின்றுபோன கார்

சுங்கைப் பட்டாணியில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, செமிலிங் வழியாக மேற்கே திரும்பினால் வலப் பக்கம் ஜெராய் மலை கூடவே வரும். 1,217 மீட்டர் உயரம். சுற்றிலும் தட்டையான வயலும் செம்பனையும் இருப்பதால், அது இன்னும் உயரமாகத் தெரியும். அம்மாவுக்கு அந்த மலையைப் பார்த்துவிட்டால் பேச்சு நிற்காது. "அதோ, உச்சியில மேகம் உக்காந்திருக்கு பாரு. சாயங்காலம் மழைதான்" என்பார். அவர் பிறந்தது மெர்போக் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றின் லயத்தில். லயமும் போய்விட்டது, பால்மரமும் போய்விட்டது. தம்பி மட்டும் அங்கேயே இருக்கிறார். என் தாய்மாமா.

மெர்போக் சிறிய ஊர். மலாயில் மெர்போக் என்றால் ஒரு வகைச் சிறு புறா. அது கூவும் அழகுக்காகவே கூண்டில் வளர்ப்பார்கள். ஒரு வரிசைக் கடைகள், ஒட்டுக்கடைகள், பள்ளிவாசல், கோயில், அவற்றைச் சுற்றிக் கம்பங்களும் தாமான்களும். தெற்கே மெர்போக் ஆறும் சதுப்புநிலக் காடும். வடக்கே மலை. பேருந்தை நம்பி ஒரு வேலைக்குக் கிளம்ப முடியாத ஊர். பெரிய மருத்துவமனை வேண்டுமென்றால் சுங்கைப் பட்டாணிக்குத்தான் போக வேண்டும். அத்தைக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று நாள் அங்கே இரத்தச் சுத்திகரிப்பு. விடியற்காலை ஐந்தரைக்கே மாமா தன் பழைய சாகாவைக் கிளப்பிவிடுவார்.

அந்த சாகாவுக்கு இருபது வயதுக்கு மேல். அதனால்தான் இந்த முறை நான் ஒரு யோசனையோடு வந்திருந்தேன். என்னிடம் ஒரு எஸ்யூவி இருந்தது. கோலாலம்பூரில் நான் தினமும் ரயிலில்தான் வேலைக்குப் போகிறேன். உயரமான இருக்கை, அத்தை குனியாமல் ஏறி உட்காரலாம். வண்டியை மாமாவிடம் விட்டுவிட்டு, தவணையை நானே கட்டிக்கொள்வது என்று அம்மாவிடம் பேசி முடித்திருந்தேன்.

அந்த வண்டியை நான் இரண்டாண்டுக்கு முன் 58,000 வெள்ளிக்கு வாங்கினேன். ஏழு வயதான வண்டி. பத்து விழுக்காடு முன்பணம், ஏழாண்டுத் தவணை, மாதம் 795 வெள்ளி. விற்ற கடையின் பெயரும் வண்டியின் பெயரும் இங்கே வேண்டாம். என் கதை எந்தக் கடையிலும் நடக்கக்கூடியது.

ஒரு வண்டி, ஓயாத புகார்

வாங்கிய முதல் மாதமே ஏர்கோனைப் போட்டால் ஈரத் துணி வாடை வந்தது. வாசனைத் திரவியம் ஒன்றை மாட்டச் சொன்னார்கள். மூன்றாம் மாதம் பிரேக் எச்சரிக்கை விளக்கு எரிந்தது, தானாகவே அணைந்தது. ஆறாம் மாதம் பின்கதவுக் கண்ணாடி இறங்கவில்லை. பிறகு ஆல்டர்னேட்டர் போனது. அதற்குப் பிறகு கியர் மாறும்போது யாரோ பின்னாலிருந்து இடிப்பதுபோல் ஒரு குலுக்கல்.

ஒவ்வொரு முறையும் பட்டறைக்குப் போவேன். ஒவ்வொரு முறையும் ஒரு உதிரிப் பாகத்தை மாற்றுவார்கள். இரண்டு வாரம் நன்றாக ஓடும். இரண்டாண்டில் 7,000 வெள்ளிக்கு மேல் போயிருந்தது. "பழைய வண்டின்னா அப்படித்தான்" என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அதையே சொல்லி என்னைத் தேற்றிக்கொண்டேன்.

மெர்போக் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, மாமாவையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்குக் கிளம்பினேன். பெக்கானிலிருந்து மலைப் பக்கம் திரும்பினால் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். வண்டி எப்படி ஏறுகிறது என்று மாமாவுக்குக் காட்டவும் ஆசை.

மேடு தொடங்கியதும் கியர் ஒரு முறை குலுங்கியது. இரண்டாவது குலுங்கலில் விளக்குகள் நான்கைந்து ஒன்றாக எரிந்தன. எண்ணெயை மிதித்தால் இஞ்சின் சத்தம் போட்டதே தவிர வண்டி நகரவில்லை. ஓரமாக நிறுத்தினேன். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டே சுற்றிப் போனது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பரவால்லப்பா, நடந்தே போயிடலாம்" என்றார். எனக்கு மாமாவின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

மாமா முப்பது ஆண்டுக்கு மேல் தோட்டத்து லாரி ஓட்டியவர். பானெட்டைத் திறப்பார் என்று நினைத்தேன். திறக்கவில்லை. பின்கதவைத் திறந்து, இருக்கைவாரைப் பிடித்துக் கடைசி வரைக்கும் இழுத்தார். சுருளுக்குள் எப்போதும் மறைந்தே கிடக்கும் அந்தக் கடைசி ஒரு சாண் நீளத்தில், பழுப்பு நிறத்தில் ஒரு கறை கோடு போட்டிருந்தது. பிறகு உதிரிச் சக்கரத்தைத் தூக்கினார். அடியில் துரு. முன் இருக்கைக்குக் கீழே கையை விட்டுத் தடவி, விரலை என்னிடம் நீட்டினார். மாவு மாதிரி நைசான மண்.

"மாப்ள, இந்த வண்டி முங்கிக் குளிச்சிருக்குப்பா."

வெள்ளம் போன பிறகு

மாமாவுக்கு அது எப்படித் தெரிந்தது என்று கேட்கத் தேவையில்லை. 2021 ஆகஸ்ட் 18ஆம் தேதி ஜெராய் மலையில் கொட்டிய மழை, மரங்களையும் பாறைகளையும் புரட்டிக்கொண்டு ஆறுகள் வழியே இறங்கியது. யான், கோல மூடா இரு மாவட்டங்களும் அடிபட்டன. ஆறு பேர் உயிரிழந்தார்கள். அந்த வாரம் முழுக்க மாமா அண்டை வீடுகளில் சேறு அள்ளினார். மூழ்கிய வண்டிகளை வெயிலில் நிறுத்தி, இருக்கைகளைக் கழற்றிக் காயவைத்துப் பார்த்தவர்.

"மேல கழுவிட்டா புதுசு மாதிரிதான் இருக்கும். உள்ள போன தண்ணி உடனே ஒண்ணும் செய்யாது. ஆறு மாசம், ஒரு வருசம் கழிச்சு ஒவ்வொண்ணா தின்னும்" என்றார்.

அவர் சொன்னதில் காரணம் இருக்கிறது. இன்றைய எஸ்யூவியில் கம்பளத்துக்கு அடியிலும் இருக்கைக்கு அடியிலும் மின்கம்பிகளும் அவற்றை இணைக்கும் செருகிகளும் ஓடுகின்றன. சில வண்டிகளில் கணினிப் பெட்டியே தரையோடு ஒட்டித்தான் இருக்கும். சேற்று நீர் காய்ந்தாலும் செருகிகளின் செம்பில் பச்சைக் களிம்பு பிடிக்கும். மின்சாரம் ஒரு நாள் போகும், ஒரு நாள் போகாது. எச்சரிக்கை விளக்கு எரிந்து அணைவது அதனால்தான். கியர்பாக்ஸ் எண்ணெயில் நீர் கலந்தால் உள்ளிருக்கும் தகடுகளும் வால்வுகளும் மெல்ல மெல்லக் கெடும். பட்டறைக்காரர் கெட்ட பாகத்தை மாற்றுவார். கெடுக்கிற காரணம் வண்டிக்குள்ளேயே இருக்கும்.

அதே 2021 டிசம்பரில்தான் கிள்ளான் பள்ளத்தாக்கு மூழ்கியது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரை மட்டும் தெரிந்த கார்களின் படங்களை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த வண்டிகளெல்லாம் பிறகு எங்கே போயின என்று நான் அன்று யோசித்ததே இல்லை. என் வண்டி எந்த வெள்ளத்தில் மூழ்கியது என்று என்னால் சொல்ல முடியாது. ஏதோ ஒரு வெள்ளத்தில் மூழ்கியது என்பதை அந்த இருக்கைவார் சொல்லிவிட்டது.

இரும்பு உருக்கிய ஊர்

இழுவை லாரி வர இரண்டு மணி நேரமாகும் என்றார்கள். அம்மா சொன்னபடி நடந்தே போனோம்.

அருங்காட்சியகத்தின் பின்புறம், ஓடைக்கரையில் நிற்கிறது புக்கிட் பத்து பகாட் சண்டி. கருங்கல் அடித்தளமும் படிகளும் மட்டும் எஞ்சிய பழங்கோயில். மரத்தூண்களும் கூரையும் காலத்தில் அழிந்துவிட்டன. 1930களில் குவாரிச் வேல்ஸ் இந்தப் பகுதியில் அகழாய்வு செய்தார். பின்னர் இந்தக் கோயிலின் கற்களை ஆராய்ந்து, இருந்த இடத்திலேயே மீண்டும் அடுக்கி நிறுத்தினார்கள். நமக்கு இந்த வட்டாரம் கடாரம். முதலாம் இராஜேந்திர சோழனின் கடற்படை 1025இல் வந்த இடம் என்று பள்ளியில் படித்தது நினைவிருக்கும்.

அங்கிருந்து சற்றுத் தொலைவில் உள்ள சுங்கை பத்துவில் 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் அகழ்ந்தபோது கிடைத்தது வேறு வகைச் செல்வம். இரும்பு உருக்கிய உலைகளின் எச்சம், குவியல் குவியலாகக் கசடு, உலைக்குக் காற்று ஊதிய களிமண் குழல்கள். கடல் கடந்து வந்தவர்கள் இங்கே இரும்பு வாங்கியிருக்கிறார்கள்.

கெடாவுக்கும் இரும்புக்கும் உள்ள தொடர்பு இன்றும் விடவில்லை. கூலிமில் உள்ள இனோகோம் ஆலையில் மஸ்டா, பிஎம்டபிள்யூ வண்டிகளைப் பொருத்துகிறார்கள். ஜெராய் மலையின் மறுபக்கத்தில், குரூணில் நாசா குழுமம் கட்டிய ஆலையில் கியாவும் பெஜோவும் உருவாகின. வண்டி செய்யத் தெரிந்த மாநிலம் இது. வாங்கும்போது பார்க்கத் தெரிய வேண்டியவர்கள் நாம்தான்.

ஒட்டுக்கடையில் ஒரு பாடம்

இழுவை லாரி வண்டியைச் சுங்கைப் பட்டாணிக்குக் கொண்டுபோன பிறகு, மாலையில் மாமாவுடன் பெக்கானில் தே தாரிக் குடிக்கப் போனேன். செய்தி எங்களுக்கு முன்னாலேயே அங்கே போயிருந்தது. ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள்.

ஓர் ஆசிரியர், பெல்ட்டில் ஓடும் சிவிடி கியர்பாக்ஸ் கொண்ட எஸ்யூவி வாங்கியவர். முந்தைய உரிமையாளர் கியர் எண்ணெயை மாற்றியதே இல்லை. நெடுந்தூரம் போனால் சூடேறி வேகம் குறையும். மாற்றக் கேட்ட விலை, அவருடைய பல மாதச் சம்பளம். ஒரு தாதிக்கு டர்போ இஞ்சின் தந்த தொல்லை: எண்ணெய் குடித்தது, குளிர்நீர்க் குழாயின் பிளாஸ்டிக் இணைப்பு வெடித்தது. குத்தகைத் தொழில் செய்யும் ஒருவர் வாங்கிய டீசல் வண்டியில் மீட்டர் 90,000 கிலோமீட்டர் காட்டியது. பிரேக் மிதிகட்டையின் ரப்பரோ மழமழவென்று தேய்ந்திருந்தது. மீட்டரைத் திருப்பலாம், மிதிகட்டையைத் திருப்ப முடியுமா என்று அவரே கேட்டுச் சிரித்தார்.

எஸ்யூவியில் இந்தப் புகார்கள் கூடுதலாக வலிப்பதற்குக் காரணம் உண்டு. எடை அதிகம். அதனால் பிரேக்கும் சக்கரத் தாங்கிகளும் கீழ்க்கை ரப்பர்களும் அதிகம் உழைக்கும். டயர் விலையும் கூடுதல். புதிதில் ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் வெள்ளி விற்ற வண்டியின் விலை எட்டாண்டில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஆனால் உதிரிப் பாகங்களின் விலை இறங்காது. நாம் சிறிய காரின் விலைக்கு வாங்கி, பெரிய காருக்குச் செலவு செய்கிறோம்.

மாமா மேசையில் விரலால் கோடு போட்டு வரிசையாகச் சொன்னதை இங்கே தருகிறேன். வீட்டில் யாராவது பழைய வண்டி பார்க்கப் போனால் உதவும்.

இருக்கைவார்கள் எல்லாவற்றையும் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் புதிதாக இருந்தாலும் ஏனென்று கேளுங்கள். உதிரிச் சக்கரப் பள்ளம், இருக்கைத் திருகாணிகள், கம்பளத்தின் அடிப்புறம் ஆகியவற்றில் துருவோ மண்ணோ இருக்கிறதா என்று கைவிளக்கு அடித்துப் பாருங்கள். முன்விளக்குக்குள் நீராவி படிந்திருக்கிறதா? ஏர்கோனை முழுதாக வைத்து, கண்ணாடிகளை மூடி, பத்து நிமிடம் உட்காருங்கள். அதிகமான வாசனைத் திரவியமும் ஓர் அடையாளமே. இஞ்சின் ஆறிக் குளிர்ந்திருக்கும்போது போங்கள். கடைக்காரர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் முதல் கிளப்பலின் சத்தம் உங்களுக்குக் கேட்காது. மேட்டில் ஓட்டிப் பாருங்கள். தட்டையான சாலையில் எல்லா கியர்பாக்ஸும் நல்ல கியர்பாக்ஸ்தான்.

நான் ஒன்று கேட்டேன். "ஆனா மாமா, பேர் மாத்தறப்ப புஸ்பாகோம் சோதனை பாஸ் ஆச்சே?"

"அது வண்டி திருட்டு வண்டியா, சட்டத்துக்கு ஓட்டலாமான்னு பாக்கறது. உன் கியர்பாக்ஸ் எத்தன வருசம் வரும்னு அவங்க எழுதித் தரமாட்டாங்க. அதுக்கு நீதான் தனியா ஒரு மெக்கானிக்கக் கூட்டிட்டுப் போகணும். இருநூறு, முந்நூறு வெள்ளி ஆகும்."

58,000 வெள்ளி வண்டிக்கு அந்த இருநூறு வெள்ளியை மிச்சம் பிடித்தவன் நான்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பழுதுள்ள பாகங்களைத் தயாரிப்பாளரே திரும்ப அழைத்து இலவசமாக மாற்றும்போது, கடிதம் பெரும்பாலும் முதல் உரிமையாளரின் முகவரிக்கே போகும். டகாட்டா காற்றுப்பைகள் வெடித்து உலகெங்கும் பலர் இறந்தார்கள். மலேசியாவிலும் உயிரிழப்புகள் நேர்ந்தன. இரண்டாம், மூன்றாம் கைக்கு வந்த வண்டிக்கும் அந்த இலவச மாற்று உண்டு. அடிச்சட்ட எண்ணைக் கொடுத்து நாமே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

யாரிடம் முறையிடுவது?

சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் 'லெமன்' சட்டம் இருக்கிறது. பழைய வண்டிக்கும் அது பொருந்தும். ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால், அது விற்கும்போதே இருந்ததாகத்தான் முதலில் கொள்ளப்படும். இல்லையென்று நிரூபிப்பது விற்றவர் பாடு.

நமக்கு 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தோடு இருக்க வேண்டும் என்கிறது அது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டணம் கட்டி முறையிடலாம். 50,000 வெள்ளி வரை கோரலாம். வழக்கறிஞர் தேவையில்லை. மூன்றாண்டுக்குள் போக வேண்டும். விற்றவர் வியாபாரியாக இருக்க வேண்டும். தனியாள் ஒருவரிடம் நேரடியாக வாங்கியிருந்தால் இந்த வாசல் திறக்காது. ரசீது, விளம்பரத்தின் படம், வாட்ஸ்அப்பில் விற்பனையாளர் சொன்ன உறுதிமொழிகள், பட்டறையின் எழுத்துமூல அறிக்கை எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால், பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகளிடம் வழி கேட்கலாம்.

விடியற்காலை ஐந்தரை

சுங்கைப் பட்டாணிப் பட்டறையில் வண்டியைப் பிரித்துப் பார்த்து, மாமா சொன்னதையே படங்களோடு எழுதிக் கொடுத்தார்கள். கியர்பாக்ஸ் மாற்ற வேண்டும். கம்பித் தொகுப்பையும் மாற்றினால்தான் நிம்மதி. அதே நாள், தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு வாங்குபவர் வந்தார். 38,000 வெள்ளி தருவதாகச் சொன்னார். கியரை மட்டும் சரிசெய்து, மற்றதைப் பேசாமல் கொடுத்துவிட்டால் போதுமாம். "உங்களுக்கு யாரும் சொன்னாங்களா? நீங்க ஏன் சொல்லணும்?" என்றார்.

பொய் சொல்ல விரும்பவில்லை. அன்று இரவு முழுக்க அந்தத் தொகை என் தலைக்குள் ஓடியது. தவணை இன்னும் ஐந்தாண்டு இருக்கிறது. மாதம் 795 வெள்ளி.

தூக்கம் வராமல் எழுந்தபோது மாமா சாகாவைக் கிளப்பிக்கொண்டிருந்தார். அத்தைக்குச் சுத்திகரிப்பு நாள். நானும் ஏறிக்கொண்டேன். இருட்டில் செம்பனைகளுக்கு நடுவே ஒரு விளக்கும் இல்லாத சாலை. அத்தை என்னைப் பார்த்து, "உன் வண்டி இந்த எடத்துல நின்னிருந்தா நாங்க என்னய்யா செஞ்சிருப்போம்?" என்றார். குறையாகச் சொல்லவில்லை. சும்மா கேட்டார்.

அந்த 38,000 வெள்ளி வண்டியை வாங்கப்போகிறவர் வீட்டிலும் ஓர் அத்தை இருக்கலாம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

செமிலிங் வந்தபோது வெளுக்கத் தொடங்கியது. திரும்பிப் பார்த்தேன், ஜெராய் உச்சியில் மேகம் இல்லை. மருத்துவமனையில் அத்தையை உள்ளே அனுப்பிவிட்டு, வெளியே நாற்காலியில் உட்கார்ந்து வாங்குபவருக்கு உண்மையை எழுதி அனுப்பினேன். அவர் பதில் போடவில்லை. அதன்பின் நடுவர் மன்றத்துக்கான மனுவை நிரப்பினேன். வாங்கிய நாள், விலை, பழுது, செலவு. மாமா பக்கத்தில் உட்கார்ந்து, இருக்கைவார்க் கறையின் படத்தை முதலில் வைக்கச் சொன்னார்.

விசாரணைக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். வண்டி இன்னும் பட்டறையில்தான் நிற்கிறது. மாமாவின் சாகாவுக்கு இப்போதைக்குப் புது பேட்டரியும் நான்கு டயரும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். வாரம் மூன்று நாள், விடியற்காலை ஐந்தரைக்கு அது மெர்போக்கிலிருந்து கிளம்புகிறது.